குதிரையை நகர்த்து தங்கச்சி!

போன ஞாயித்துக்கிழமை ராத்திரி பதினோரு மணி. லைட்டை அணைக்கப் போற நேரத்துல ஒரு மெயில். அனுப்பினது திருநெல்வேலிப் பக்கம் ஒரு காலேஜ்ல செகண்ட் இயர் படிக்கிற தங்கச்சி. ‘பேரு போடாதீங்க அண்ணா’ன்னு கேட்டுக்கிட்டதால போடலை. மேட்டர் இதுதான்:

‘‘அண்ணா, எட்டு மாசம் தெருப் பசங்க ஆறு பேருக்கு ட்யூஷன் எடுத்த காசுல ஒரு பேன்ஜோ யுகுலேலே வாங்கினேன். ஆன்லைன்லதான். வந்து மூணு நாள் ஆச்சு. வாசிச்சா எனக்கே அழுகையா வருது. ஒண்ணு, மேல இருக்கற கம்பி தடியா இருக்கும்னு நினைச்சேன், மெல்லிசா இருக்கு. கம்பியை மாத்திப் போட்டுட்டாங்க போல. ரெண்டு, பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை ஸ்ருதி இறங்குது. மூணு, சும்மா மீட்டினா சரியா இருக்கு, மெட்டுல விரல் வச்சா அபஸ்வரம். நாலு, தலகாணியைத் தட்டின மாதிரி ‘டொப் டொப்’னு சத்தம். அஞ்சு, கூடவே எங்கயோ ‘ர்ர்ர்’னு ஒரு அதிர்வு. ஆறு, ஒரு பிருடை சில நேரம் சும்மா சுத்துது, கம்பி ஏறவே மாட்டேங்குது. திருப்பி அனுப்ப இன்னும் நாலு நாள்தான் இருக்கு. தம்பி ‘தகர டப்பா’ன்னு பேரே வச்சுட்டான். அப்பா ஒண்ணும் சொல்லலை. ஆனா அவர் பார்க்கிற பார்வை இருக்கே... அண்ணா, கருவி ரிப்பேரா? இல்ல, எனக்குத்தான் சங்கீத ஞானமே இல்லையா?’’

அந்தக் கடைசி வரியைப் படிச்சதும் தூக்கம் போச்சு பாஸ். ஏன்னா, இதே கேள்வியை நாலு வருஷத்துக்கு முன்னாடி நானும் கேட்டேன். தப்பான பதிலை நானே சொல்லிக்கிட்டேன்.

நான் வாங்கின பல்பு

அப்போ எனக்கும் புதுசா ஒண்ணு வந்துச்சு. இதே ‘டொப் டொப்’, இதே அபஸ்வரம். ரெண்டு நாள் போராடிட்டு, காரணம் கேட்ட கட்டத்துல ‘பழுது’ன்னு டிக் அடிச்சுத் திருப்பி அனுப்பிட்டேன். காசு பத்திரமா வந்துடுச்சு. அதுல ஒரு போன் வாங்கினேன். அந்தப் போன் இப்போ எங்க இருக்குன்னே தெரியாது. ஆனா, ‘நமக்கெல்லாம் காது கிடையாதுடா’ன்னு அன்னிக்கு எடுத்த முடிவு மட்டும் ஒன்றரை வருஷம் கூடவே இருந்துச்சு. கல்ச்சுரல்ஸ்ல பசங்க மேடையேறும்போது நான் கீழே நாற்காலி அடுக்கிட்டு இருந்தேன்.

அப்புறம்தான் தெரிஞ்சுது. நான் திருப்பி அனுப்பினதுல பழுதே இல்லை. அது முடிக்காத கருவி. அவ்ளோதான்!

இந்த வாரம் நான் சொல்ல வந்த விஷயமும் அதேதான். பேன்ஜோ யுகுலேலே பெட்டியில வர்றப்போ முக்கால்வாசிக் கருவியாத்தான் வரும். மிச்சக் கால்வாசியை வாங்கினவங்கதான் செய்யணும். இது தெரியாம கருவியைத் திட்டுறோம். இல்லைன்னா நம்மையே திட்டிக்கிறோம்.

இது என்ன ஜாதகம்?

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். நம்ம ஊர்ல ‘பேன்ஜோ’ன்னு கேட்டா, டைப்ரைட்டர் மாதிரி கட்டை வச்ச ஒரு பெட்டியைக் கொண்டுவந்து நீட்டுவாங்க. மும்பை கணபதி ஊர்வலத்துல அலறுமே, அது! அதோட பேரு புல்புல் தரங். ஜப்பான்ல நகோயா நகரத்துல 1912-ல் உருவான தைஷோகோட்டோங்கிற கருவியோட வாரிசு. 2016-ல் ‘பேன்ஜோ’ன்னு ஒரு இந்திப் படமே அந்த வாத்தியக்காரங்களைப் பத்தி வந்துச்சு. நாம பேசறது அது இல்லை.

நம்ம ஆளுக்கு அம்மா, அப்பா ரெண்டு பேருமே கடல் கடந்து வந்தவங்க. பேன்ஜோ, ஆப்பிரிக்காவுல இருந்து அடிமைகளா அமெரிக்கக் கண்டத்துக்கு இழுத்துட்டு வரப்பட்ட மக்கள் சுரைக்குடுக்கையில தோல் கட்டி உருவாக்கினது. யுகுலேலே, 1879-ல் போர்ச்சுகலின் மதேரா தீவுல இருந்து ஹவாய்க்குக் கப்பல்ல வந்த கூலித் தொழிலாளர்கள் கொண்டுவந்த குட்டி கிதார்ல இருந்து பிறந்தது. இருபதாம் நூற்றாண்டோட ஆரம்பத்துல ரெண்டுக்கும் கல்யாணம். யுகுலேலேயோட நாலு கம்பி, கழுத்து, விரல் வைக்கிற முறை; பேன்ஜோவோட தோல் போர்த்தின வட்ட உடம்பு. ‘நான்தான் கண்டுபிடிச்சேன்’னு ஒண்ணுக்கு மேற்பட்டவங்க சொல்லிக்கிட்டாங்க. அதுல ஆல்வின் கீச்ங்கிறவர் ‘பேன்ஜுலேல்’னு பேரையும் வச்சு லண்டன்ல வித்தார்.

ஏன் இப்படி ஒரு கல்யாணம்? மைக் இல்லாத காலம் அது. மர யுகுலேலே சத்தம் மூணாவது வரிசையைத் தாண்டாது. தோல் மெல்லிசு. கம்பியோட அதிர்வைச் சட்டுனு வாங்கிக் காத்துல வீசிடும். அதனால சத்தம் பெருசு, ஆனா சீக்கிரம் அடங்கிடும். கடகடன்னு தாளம் போட்டு மீட்டறதுக்கு இதைவிட வேறென்ன வேணும்?

இங்கிலாந்துல விகன் ஊர்க்காரர் ஜார்ஜ் ஃபார்ம்பி (1904-1961) இதை வச்சே சூப்பர் ஸ்டார் ஆனார். சிரிப்புப் பாட்டு, சினிமா, ரெண்டாம் உலகப் போர்ல சிப்பாய்களுக்குக் கச்சேரின்னு கலக்கினார். வேற வேற ஸ்ருதிக்கு வேற வேற கருவி ரெடியா வச்சிருப்பாராம்! பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசன் அவரோட தீவிர ரசிகர்.

இன்னொரு பக்கம், பி.ஜி. உட்ஹவுஸ் 1934-ல் எழுதின ‘தேங்க் யூ, ஜீவ்ஸ்’ நாவல். ஹீரோ பெர்டி பேன்ஜோலேலே கத்துக்க ஆரம்பிப்பார். அக்கம்பக்கம் கம்ப்ளைன்ட்! வீட்டையே காலி பண்ணுவார். இத்தனை வருஷம் கூட இருந்த ஜீவ்ஸே வேலையை விட்டுப் போயிடுவார். ஹாஸ்டல் மக்களே, இது கதைன்னு அசால்ட்டா இருக்காதீங்க. வார்டன் ஜீவ்ஸை விடக் கோவக்காரர்.

கஞ்சிராவுக்குக் கழுத்து முளைச்சிருக்கு!

என் கண்ணைத் திறந்தது யூ-டியூப் இல்லை. ஒரு மிருதங்கம் ரிப்பேர் கடை. சீனியர் ஒருத்தர் வெளிநாடு போகும்போது, ‘சும்மா கிடக்குது, வச்சுக்கோடா’ன்னு ஒரு பேன்ஜோ யுகுலேலேவைக் கையில திணிச்சுட்டுப் போனார். அதுலயும் அதே ‘டொப் டொப்’. அந்த நேரம் பார்த்து ஃப்ரெண்ட் ஒருத்தன் மிருதங்கத்துக்கு மூட்டு மாத்தப் போனான். தோள்ல பையோட நானும் போனேன். கடைக்காரப் பெரியவர் என் பையைப் பார்த்துட்டு, ‘‘என்ன தம்பி அது, எடு பார்ப்போம்’’ன்னார். எடுத்தேன். விழுந்து விழுந்து சிரிச்சார்.

‘‘கஞ்சிராவுக்குக் கழுத்து முளைச்சிருக்கே!’’

‘‘சத்தமே சரியில்லீங்க ஐயா...’’

அவர் கம்பியைத் தொடவே இல்லை. நாலு கம்பியையும் உள்ளங்கையால அமுக்கிப் பிடிச்சுட்டு, தோலோட ஓரத்துல ஒவ்வொரு கொக்கிக்குப் பக்கத்துலயும் ஒரு விரலால தட்டிக்கிட்டே ஒரு சுத்து வந்தார். டிங்... டொங்... டிங்... டப்.

‘‘கேட்டுச்சா? இந்தப் பக்கம் ஏறியிருக்கு, அந்தப் பக்கம் இறங்கியிருக்கு. ஒவ்வொரு ஓரமும் ஒவ்வொரு ஸ்ருதி பேசுது. தோலைச் சரி பண்ணாம கம்பியைத் திட்டி என்ன தம்பி பண்றது?’’

மிருதங்கத்துக்கு கல்லும் கட்டையும் வச்சுத் தட்டி, வட்டம் முழுக்க ஒரே ஸ்ருதிக்குக் கொண்டுவருவாங்களே, அதே வேலைதான் இங்கயும். கல்லுக்குப் பதிலா ஒரு குட்டிச் சாவி. பத்து நிமிஷத்துல கருவி பேச ஆரம்பிச்சுது. காசு கேட்டா, ‘‘ஒரு டீ சொல்லு போதும்’’னார். அன்னிக்கு ராத்திரி நான் திருப்பி அனுப்பின அந்த முதல் கருவியை நினைச்சு ரொம்ப நேரம் முழிச்சிட்டு இருந்தேன்.

சரி, தங்கச்சியோட ஆறு கம்ப்ளைன்ட்டுக்கும் அன்னிக்கு ராத்திரியே பதில் எழுதினேன். அதைத்தான் இங்க விரிவா தர்றேன். வரிசை முக்கியம் மக்களே: தோல், குதிரை, ஸ்ருதி, அதுக்கப்புறம்தான் மத்த சத்தம்.

தோல்: ‘டொப் டொப்’ போக

புதுக் கருவியில இருக்கறது பெரும்பாலும் பிளாஸ்டிக் தோல்தான். வழியில குலுங்கி வர்றதுல கொக்கிகள் தளர்ந்திருக்கும். சில கடைகள்ல இருந்து வேணும்னே தளர்த்தித்தான் வரும். பெட்டிக்குள்ள ஒரு சின்னச் சாவி கிடக்கும். குப்பைன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. கருவியோட உயிரே அதுலதான் இருக்கு!

கார் டயர் மாத்தும்போது மெக்கானிக் அண்ணன் எப்படி முடுக்குவார்? எதிரெதிர் நட்டா! இங்கயும் அப்படித்தான். ஒரு கொக்கி, அப்புறம் நேர் எதிர்க் கொக்கி. ஒரு தடவைக்கு எட்டுல ஒரு பங்கு சுத்து, மிஞ்சினா கால் சுத்து. ஒரு ரவுண்டு முடிஞ்சதும் பெரியவர் மாதிரி ஓரமெல்லாம் தட்டிக் கேளுங்க. எங்க சத்தம் தாழ்வா இருக்கோ, அங்க மட்டும் இன்னும் கொஞ்சம். நடுவுல கட்டைவிரலால அமுக்கினா லேசா உள்வாங்கணும். குழி விழுந்தா பத்தலை. கல்லு மாதிரி இருந்தா ஓவர். ஓவராப் போனா சத்தம் ஈயப் பாத்திரம் மாதிரி ஆயிடும். ஆர்வக்கோளாறுல இன்னும் முடுக்கினா தோல் கிழியும், கொக்கி வளையும். அவசரமே வேண்டாம்.

புதுத் தோல் முதல் சில வாரம் தானா இளகும். வாரத்துக்கு ஒருதடவை தட்டிப் பார்த்துக்கோங்க.

குதிரை: அபஸ்வரம் போக

வீணையில கம்பிகளைத் தாங்குமே, அந்தக் குதிரைதான் இங்கயும். ஆனா ஒரு பெரிய வித்தியாசம். மர யுகுலேலேல அதை ஒட்டியே வச்சிருப்பாங்க. இங்க ஒட்டவே மாட்டாங்க! கம்பியோட அழுத்தத்துல சும்மா நிக்கும். பல நேரம் பெட்டிக்குள்ள தனியா ஒரு பொட்டலத்துல வரும், இல்லைன்னா தோல் மேல படுத்துக்கிட்டு வரும். ‘உடைஞ்சுபோச்சு’ன்னு பதறாதீங்க. அது அப்படித்தான். பசை மட்டும் போட்டுடாதீங்க, கோடி புண்ணியம்!

எங்க நிறுத்தறது? பள்ளிக்கூட ஸ்கேல் போதும். கழுத்தோட உச்சியில கம்பிகள் உக்காந்து வர்ற வெள்ளைப் பட்டை இருக்கே, அதுக்குப் பேரு நட். அங்கிருந்து 12-வது மெட்டு வரை அளங்க. 12-வது மெட்டுல இருந்து குதிரை வரைக்கும் அதே தூரம் இருக்கணும். தங்கச்சி வாங்கினது கான்சர்ட் சைஸ். கம்பியோட மொத்த நீளம் சுமார் 38 செ.மீ. அப்போ ரெண்டு பக்கமும் 19, 19. அழுத்தும்போது கம்பி கொஞ்சம் இழுபடுங்கிறதால, குதிரை பக்கம் ஒண்ணு ரெண்டு மில்லி மீட்டர் கூடலாம்.

இது தோராயம். துல்லியத்துக்குக் காதுதான் ஸ்கேல். 12-வது மெட்டுக்கு நேர் மேல கம்பியை அழுத்தாம, பூவைத் தொடற மாதிரி தொட்டு மீட்டிட்டு விரலை எடுங்க. மணியடிச்ச மாதிரி ஒரு நாதம் வரும். சரியா பாதி நீளத்துல தொட்டதால மேல் ஸ்தாயி. ‘ஏ’ கம்பி 440 ஹெர்ட்ஸ்னா அது 880. இப்போ அதே மெட்டுல நல்லா அழுத்தி மீட்டுங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா ஓகே. அழுத்தினது ஏறிக் கேட்டா குதிரை நட்டுக்கு ரொம்பக் கிட்ட இருக்கு. வால் பக்கம் தள்ளுங்க. இறங்கிக் கேட்டா கழுத்துப் பக்கம் தள்ளுங்க. அவ்ளோதான் ரகசியம்!

தள்றதுக்கு முன்னாடி கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திக்கணும். ரெண்டு கையாலயும் குதிரையோட காலைப் பிடிச்சு, நூல் நூலா நகர்த்துங்க. சரியான இடம் கிடைச்சதும் பென்சிலால தோல் மேல ரெண்டு புள்ளி. கம்பியை ஏத்த ஏத்தக் குதிரை கழுத்துப் பக்கமாச் சாயும். அப்பப்போ நிமிர்த்தி விடுங்க.

12-வது மெட்டு பக்காவா இருந்தும் முதல் மெட்டு, ரெண்டாவது மெட்டு மட்டும் ஏறிக் கேக்குதா? அது குதிரையோட தப்பு இல்லை. நட்டுல கம்பி உக்கார்ற வெட்டு ஆழம் பத்தலை. மூணாவது மெட்டுல கம்பியை அழுத்திட்டு, முதல் மெட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல பாருங்க. மயிரிழை இடைவெளிதான் இருக்கணும். பெருசா இருந்தா கிதார் ரிப்பேர் பண்றவர்கிட்ட போங்க, சின்ன அரம் வச்சு ராவிக் குடுப்பார். வீட்டு ஆக்ஸா பிளேடால நீங்களே அறுத்துடாதீங்க. ஆழமாப் போயிட்டா திரும்ப வராது.

ஸ்ருதி: ரெண்டு பொய்க் குற்றச்சாட்டு

‘மேல் கம்பி மெல்லிசா இருக்கு, மாத்திப் போட்டுட்டாங்க.’ இல்லை தங்கச்சி! யுகுலேலே ஸ்டைலே அதுதான். மேல இருந்து கீழே ஜி, சி, இ, ஏ. சி 261.6 ஹெர்ட்ஸ், இ 329.6, ஜி 392, ஏ 440. கணக்குப் பாருங்க. மேல இருக்கற ஜி, சி, இ ரெண்டையும் விட உசந்த ஸ்வரம். அந்தத் துள்ளலான சத்தத்துக்கே அதுதான் காரணம். கிதார் பழகினவங்க ஜியைத் தாழ்வா வைக்கப் பார்ப்பாங்க. கம்பி தொளதொளன்னு தொங்கும். இன்னும் சிலர் ஒரு ஸ்தாயி மேல ஏத்திக் கம்பியையே அறுத்துடுவாங்க. போன்ல இலவச ட்யூனர் ஆப் நிறைய இருக்கு. அதுல எழுத்தை மட்டும் பார்க்காம, ஹெர்ட்ஸையும் ஒரு பார்வை பாருங்க.

‘பத்து நிமிஷத்துல ஸ்ருதி இறங்குது.’ இறங்கத்தான் செய்யும். புது நைலான் கம்பி, புது ரப்பர் பேண்ட் மாதிரி. இழுபட்டு முடிக்க ஒரு வாரம் ஆகும். தினமும் ஸ்ருதி சேர்த்து, கம்பியை மெதுவா மேலே இழுத்து விட்டு, திரும்பவும் சேர்த்துட்டே இருங்க. அஞ்சாறு நாள்ல அடங்கிடும். ‘ஸ்டீல் கம்பி போட்டா நிக்கும்டா’ன்னு ஐடியா மணி யாராவது வருவான். கேக்காதீங்க! நைலானுக்குன்னு செஞ்ச கழுத்தை ஸ்டீல் வளைச்சுடும்.

அந்த ‘ர்ர்ர்’ யாரு?

இது போலீஸ் வேலை. சத்தம் போடற கம்பியை ஒரு கையால மீட்டிக்கிட்டே, மத்த கையால ஒவ்வொரு பாகமாத் தொடுங்க. கொக்கி, வால் பகுதி, கை வைக்கிற தகடு, பின்னால இருக்கற மூடி, பிருடையோட திருகு... எதைத் தொட்டதும் சத்தம் நிக்குதோ அதுதான் குற்றவாளி. லேசா முடுக்கினா முடிஞ்சுது. கம்பியோட மிச்ச வால் தோல் மேல உரசிட்டு இருந்தாலும் இதே சத்தம் வரும். வெட்டி விடுங்க.

எதைத் தொட்டும் நிக்கலையா? விரல் வைக்காதப்போ மட்டும் வந்தா நட். ஒரே ஒரு மெட்டுல மட்டும் வந்தா, அதுக்கு அடுத்த மெட்டு எகிறி நிக்குது. எல்லா மெட்டுலயும் வந்தா குதிரை குட்டை, இல்லைன்னா தோல் தளர்ச்சி. கழுத்தை உடம்போட இணைக்கிற கம்பி உள்ளே ஓடும், அதோட திருகையும் பாருங்க. கழுத்து ஆடக் கூடாது.

எல்லாம் சரி, ஆனா ‘கணீர் கணீர்’னு எதிரொலி அடங்கலையா? பின்பக்கம் தோலுக்கும் உள்ளே ஓடற அந்தக் கம்பிக்கும் நடுவுல, குதிரைக்கு நேர் கீழே, துவைச்ச சாக்ஸ் ஒண்ணை மடிச்சு வைங்க. பேன்ஜோக்காரங்க காலங்காலமா செய்யற வைத்தியம் இது. வார்டனுக்கும் நல்லது. (துவைச்ச சாக்ஸ்னு அழுத்திச் சொல்லிட்டேன், ஆமா!)

எது நிஜமான பழுது?

இதுதான் நாலு நாள் கெடு வச்சிருக்கறவங்களுக்கு முக்கியம். கீழே இருக்கற எதுவும் உங்க வேலை இல்லை. கடைக்காரர் பொறுப்பு:

கழுத்து முறுக்கிட்டு இருக்கறது, விரிசல், இல்ல திருகை முடுக்கின பிறகும் ஆடறது. குதிரையை எங்க வச்சாலும் மெட்டுகளுக்குள்ளயே ஸ்வரம் சேராம இருக்கறது (மெட்டே தப்பான இடத்துல அடிச்சிருக்கு). தோல் கிழிசல். வட்டச் சட்டம் கோணல். கொக்கியோட மரை தேஞ்சு முடுக்க முடியாம இருக்கறது. பிருடையோட பல்சக்கரம் வழுக்கறது.

கடைசி ஐட்டத்தைப் பார்த்தீங்களா? தங்கச்சியோட ஆறாவது கம்ப்ளைன்ட். அது நிஜம்! சாதாரண உராய்வுப் பிருடையா இருந்தா முனையில இருக்கற திருகை முடுக்கினா வழுக்கறது நின்னுடும். ஆனா பல்சக்கரப் பிருடையில, குமிழ் சுத்தியும் தண்டு சுத்தலைன்னா அது பழுதுதான்.

இன்னும் வாங்காதவங்களுக்கு...

சைஸ் முதல்ல. சோப்ரானோ சுமார் 35 செ.மீ., கான்சர்ட் 38, டெனர் 43. விரல் நெருக்கடி வேண்டாம்னா கான்சர்ட்ல ஆரம்பிங்க. பல்சக்கரப் பிருடை இருந்தா புதுசா பழகறவங்களுக்கு நிம்மதி. கொக்கிகள் வெளியே தெரியணும், சாவியால முடுக்க முடியணும். தோலை ஒட்டியே வச்சிருக்கற பொம்மை மாடல் வேண்டவே வேண்டாம், அதைச் சரி பண்ணவே முடியாது.

பழைய ஆட்டுத்தோல், கன்றுத்தோல் கருவிமேல ஆசையா? நாதம் நல்லாத்தான் இருக்கும். ஆனா ஈரக் காத்துல தோல் தொய்யும். நம்ம ஊர்ல பறையை ஏன் தீயில காட்டறாங்க? அதே காரணம். கடலோர ஊர்க்காரங்க பிளாஸ்டிக் தோலுக்கே ஓட்டுப் போடுங்க.

பின்னால மூடி இருந்தா சத்தம் முன்னால பாயும். இல்லைன்னா கொஞ்சம் சாது. ஹாஸ்டலுக்கு மூடி இல்லாததே உத்தமம். இரும்புச் சாமான் நிறைய இருக்கறதால மர யுகுலேலேவை விட கனம். தோள்பட்டை வார் ஒண்ணு சேர்த்து வாங்கிடுங்க. ஆன்லைன்ல வாங்கினா பெட்டியைப் பிரிக்கிறதுல இருந்து வீடியோ எடுத்து வைங்க. திருப்பி அனுப்பற கடைசித் தேதியைச் சுவர்ல எழுதி ஒட்டுங்க. முதல் ரெண்டு நாள் பாட்டே வேண்டாம், இந்தச் செக்கிங் மட்டும்தான்.

புதன்கிழமை வந்த பதில்

மூணு நாள் கழிச்சு தங்கச்சிகிட்ட இருந்து மெயில். குதிரை கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் தள்ளி நின்னுருக்கு! நகர்த்தினதும் அபஸ்வரம் காணாமப் போச்சாம். தோலை முடுக்க ரெண்டு சாயங்காலம் ஆகியிருக்கு. ‘ர்ர்ர்’ போட்டது கை வைக்கிற தகடு. மிச்சம் இருந்தது பிருடை மட்டும்தான். அதை மட்டும் பத்து செகண்ட் வீடியோ எடுத்து, ‘குமிழ் சுத்துது, தண்டு சுத்தலை’ன்னு ஒரே வரி எழுதி கடைக்கு அனுப்பியிருக்கா. ‘சவுண்ட் சரியில்லை’ன்னு பொத்தாம்பொதுவா எழுதியிருந்தா என்ன ஆகியிருக்குமோ... இதுக்கு மறுபேச்சு இல்லாம புதுப் பிருடை அனுப்பறதா ஒத்துக்கிட்டாங்களாம்.

முக்கியமான வரி கடைசியில இருந்துச்சு: ‘‘அண்ணா, தோலை முடுக்கும்போது அப்பா பக்கத்துல வந்து உக்காந்தார். சாவியை வாங்கி, ‘இந்த ஓரம் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கு’ன்னார். அவருக்கு இவ்ளோ காது இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாது.’’

உனக்கு ஞானம் இல்லையான்னு கேட்டியே தங்கச்சி... விரல் வச்சதும் அபஸ்வரம்னு உனக்குக் கேட்டுச்சு இல்ல? ஞானம் இல்லாதவங்களுக்கு அது கேக்கவே கேக்காது. அந்தக் காதை மட்டும் யார்கிட்டயும் திருப்பி அனுப்பிடாதே!

தம்பிகிட்ட சொல்லு, தகர டப்பாவுக்கு சீக்கிரமே வேற பேர் யோசிச்சு வைக்கச் சொல்லி.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே!